வலப்பக்கம் யாருடைய பாடு?

1

நேற்று ஏழுமலை அண்ணன் வீட்டில் விருந்து. அவருக்கும் மதலேனாளுக்கும் கல்யாணமாகி ஒரு வருஷம் நிறைந்துவிட்டது. கடல் தாண்டி வந்த இந்தப் பத்தாவியாவில் கிடைக்கிற மீன்களில் எது நம் ஏரி மடவைக்குக் கொஞ்சமாவது கிட்டே வரும் என்று அவர் இந்த ஊரில் இறங்கிய நாளிலிருந்து தேடிக்கொண்டிருக்கிறார். நேற்றுக் குழம்பில் கிடந்தது அந்தத் தேடலின் முடிவு என்று சத்தியம் செய்தார். மடவை மாதிரி இல்லவே இல்லை. அதை அவர் முகத்துக்கு நேராகச் சொல்லிக்கொண்டே நான் மூன்று தரம் சோறு போட்டுக்கொண்டேன்.

விருந்துக்கு வந்திருந்த பக்கத்து வீட்டுக்காரி ஒருத்தி, உன் அப்பா எந்த ஊர் என்று என் மகள் கத்தரீனாளைக் கேட்டாள். மகளுக்கு ஒன்பது வயது. அவள் யோசிக்கவே இல்லை. என் இடுப்பில் இருந்த கட்டம் போட்ட கைலியைப் பிடித்து இழுத்துக் காட்டினாள். நம் துறையிலிருந்து கப்பலேறி வரும் இந்தத் துணியை இங்கே மலாய்க்காரர்கள் நம் ஊர்ப் பெயராலேயே கூப்பிடுகிறார்கள். பழவேற்காடு அவர்கள் வாயில் பெலேகாட் ஆகிவிட்டது. ஆகவே என் மகளைப் பொறுத்தவரை அப்பா ஒரு கைலியிலிருந்து வந்தவர். நான் வேலை செய்வதும் துணிக் கிடங்கில்தான் என்பதால் அவளுக்கு அதில் சந்தேகமே இல்லை. எல்லோரும் சிரித்தார்கள். நான் கைலியை இறுக்கிக் கட்டிக்கொண்டேன்.

அவளைச் சொல்வானேன், எனக்கு மட்டும் என்ன வாழ்கிறதாம்? எண்ணுவது தமிழில், மீன் விலை பேசுவது மலாயில், பெண்டாட்டியோடு சண்டை போடுவது பறங்கிப் பேச்சில். பறங்கிப் பேச்சு என்றால், போர்த்துகேசியர் ஒருகாலத்தில் ஆண்ட துறைமுகங்களிலிருந்து வந்த சனங்கள் கூடவே கொண்டுவந்த மொழி. ஒல்லாந்தர் ஆளும் இந்த ஊரில் கிறிஸ்தவ வேதத்தில் சேர்ந்த எங்களைப் போன்றவர்களுக்கெல்லாம் அதுதான் பொது. என் நைனா என்னைத் திட்டிய திட்டுகளை அந்த மொழியில் பெயர்த்துப் பிள்ளைகள்மேல் பிரயோகித்துப் பார்த்தேன். பாதிக் காரம் வழியிலேயே போய்விடுகிறது.

ஏழுமலை அண்ணன் எப்படி வேதத்தில் சேர்ந்தார் என்பதைப் பற்றிக் கப்பலில் வருகிறவர்கள் ஒற்றை வரிதான் வைத்திருக்கிறார்கள். ஒரு பொம்பளைக்காகச் சேர்ந்தான் என்கிறார்கள். அது உண்மைதான், நான் மறுக்கவில்லை. ஆனால் அவர் சேர்ந்த விதம் இருக்கிறதே, அதை ஊரில் இருக்கும் உங்களுக்கு இந்தக் கடிதத்தில் சொல்லாமல் என்னால் இருக்க முடியாது. அங்கே கூட இருந்து இரண்டு பக்கத்துக்கும் மொழிபெயர்த்தவன் நான்.

2

ஏழுமலை அண்ணன் தோணிரேவுக்காரர். நான் அதே ஏரிக்கரையில் கோட்டைக்குப்பம். ஊரில் இருந்தவரை ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை. இங்கே வந்து பார்த்துக்கொண்ட பிறகு ஒருவரை ஒருவர் விட்டதில்லை. நான் ஒல்லாந்தர் கோட்டைப் பள்ளிக்கூடத்தில் எழுத்துப் படித்து, ஞானஸ்நானம் பெற்று, தானியேல் என்ற பெயரோடு துணிக் கப்பலில் வந்தவன். கிடங்கு வேலை போக மிச்ச நேரத்தில் சபைக்குத் தமிழ் துபாஷி. அவர் கப்பலில் பாய் இழுக்கும் கலாசியாக வந்தார். இறங்கியதும் ஒரு பழைய படகை வாங்கிக்கொண்டு ஆற்று முகத்தில் மீன்பிடிக்க உட்கார்ந்துவிட்டார்.

உட்கார்ந்துவிட்டார் என்பதைப் பேச்சுக்குச் சொல்லவில்லை. வாரத்தில் பாதி நாள் நிஜமாகவே கரையில் உட்கார்ந்துதான் இருப்பார். காரணம் பாடு.

ஏரிக்கரைக்காரர்களுக்கு நான் பாட்டைப் பற்றி விளக்கினால் சிரிப்பீர்கள். ஆனால் உள்ளே நெல்வயல் பக்கம் இருக்கும் உறவுக்காரர்களும் இதைக் கேட்பார்கள், அவர்களுக்காகச் சொல்கிறேன். ஏரியில் மீனும் இறாலும் விழும் இடங்களை ஊர் பிரித்து வைத்திருக்கிறது. அந்த இடத்துக்குப் பெயர் பாடு. எந்தப் பாட்டில் என்றைக்கு யார் வலை போடலாம் என்று ஊர் கூடிச் சீட்டுப் போட்டு முடிவு செய்யும். சீட்டில் பங்கு குடும்பத்துக்கு ஒன்று, அப்பனுக்குப் பின் பிள்ளைக்கு. உன் முறை வந்தால் உன் இடம். வலையில் ஒன்றும் விழாவிட்டால் அது உன் தலையெழுத்து. பக்கத்துப் பாட்டில் இறால் துள்ளிக்கொண்டிருந்தாலும் அங்கே கை நீட்டக் கூடாது. நீட்டினால் திருட்டு. சொந்தப் பங்காளியாக இருந்தாலும் ஊர் விடாது.

பத்தாவியா ஆற்று முகத்தில் பாடும் இல்லை, சீட்டும் இல்லை. சீனரும் மலாய்க்காரரும் இடம் கண்ட இடத்தில் வலை போடுகிறார்கள். அதைப் பார்த்து அண்ணனுக்கு முதல் வாரம் சோறே இறங்கவில்லையாம். பிறகு தனக்குத்தானே ஒரு முறை வைத்துக்கொண்டார். ஒருநாள் போனால் மறுநாள் போகமாட்டார். கூடச் சீட்டு எடுக்க வேறு யாரும் இல்லாத முறை. அந்த மறுநாளில் தண்ணீர் மீனால் கொதித்துக்கொண்டிருந்தாலும் மனுஷன் மண்ணில் உட்கார்ந்து வலைக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருப்பார்.

மதலேனாள் அந்தக் கரைக்கு இறால் வாங்க வருகிறவள். இங்கே திராசி என்று ஓர் இறால் விழுது உண்டு. அவள் அதை இடித்துக் காயவைத்து விற்கிறாள். சட்டியைத் திறந்தால் தெருவே திரும்பிப் பார்க்கும். வாயில் போட்டால் அடுத்த கவளத்துக்குக் கை தானாகப் போகும். சின்னக் குழந்தையாக இருந்தபோது நம் சோழமண்டலக் கரையில் எங்கோ ஓர் ஊரில் பஞ்சத்தில் விலைக்குப் போய், கப்பலில் ஏற்றப்பட்டு இங்கே வந்தவள். எந்த ஊர் என்று அவளுக்கே தெரியாது. தமிழ் ஒரு வார்த்தை தங்கவில்லை. எஜமானி சாகும்போது விடுதலை கொடுத்துவிட்டுப் போனாள், அப்புறம் ஒரு கல்யாணம், ஊர்க் காய்ச்சலில் அந்தப் புருஷனும் போய்விட்டான். அவள் இதைப் பற்றிப் பேசமாட்டாள். இறால் விலை ஏறிவிட்டது என்பதைப் பற்றிப் பேசுவாள்.

ஒருநாள் அவள் வந்தபோது அண்ணன் கரையில் இருந்தார். இன்றைக்கு ஏன் போகவில்லை என்று மலாயில் கேட்டாள். என் முறை இல்லை என்றார். பிறகு யார் முறை என்றாள். யார் முறையும் இல்லை என்றார். அவள் கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சிரித்தாளாம். மறுநாள் இறால் தேவையே இல்லாமல் வந்தாள், இந்த ஆள் தன் முறையிலாவது தண்ணீரில் இறங்குகிறாரா என்று பார்ப்பதற்கு. இறங்கினார். அவளுக்கு அது பிடித்துவிட்டது.

3

இந்த ஊரில் வேதக்காரியை வேதக்காரன்தான் கட்ட முடியும். அது முதல் பூட்டு. கலாசியாக வந்து இறங்கியவன் ஊரில் தங்குவதற்கு அனுமதிச் சீட்டு வேண்டும். அது இரண்டாவது பூட்டு. ஊர்க்காரியைக் கட்டிக் குடியேறிவிட்டால் சீட்டு கிடைக்கும், இல்லையென்றால் வருஷக் கடைசிக் கப்பலில் ஏற்றித் திருப்பி அனுப்பிவிடுவார்கள். சீட்டுக் கொடுக்கிற இடத்துக்குப் போனோம். சபையில் சேர்ந்துவிட்டு வா என்றார்கள். சபைக்குப் போனோம். தங்குகிற சீட்டைக் காட்டு, அப்புறம் சேர்க்கலாம் என்றார்கள். கல்யாணம் ஆனால் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால் கல்யாணம் ஆகும் என்கிற கதைதான். கடைசியில் பாதிரியாரே, பாடம் ஒப்பித்துத் தேறினால் சீட்டுக்காரர்களிடம் நான் பேசிக்கொள்கிறேன் என்றார்.

பாதிரியாரைப் பற்றி ஒரு வார்த்தை. ஒல்லாந்து தேசத்து மனுஷர், உயரம், எப்போதும் வியர்த்துக்கொண்டே இருப்பார், புளித்தண்ணீர் என்றால் உயிர். தமிழ் தெரியாது, பறங்கிப் பேச்சு நன்றாக வரும். நல்லவர். ஆனால் கதைகளைப் பற்றி அவருக்கு ஓர் உறுதியான எண்ணம் இருந்தது. கதை என்பது குடம், உபதேசம்தான் தண்ணீர், தண்ணீரைக் குடித்த பிறகு குடத்தைத் தட்டிக்கொண்டு நிற்காதே என்பார். அதனால் அவர் தயாரித்த பாடங்களில் வேதத்துக் கதைகள் எல்லாம் துண்டு துண்டாக இருக்கும். எந்த இடத்தில் உபதேசம் கிடைத்துவிட்டதோ அந்த இடத்தில் கதை நின்றுவிடும். நம் ஊரில் தலையையும் வாலையும் எறிந்துவிட்டு நடுத்துண்டத்தை மட்டும் குழம்பில் போடுகிறவளை என்ன சொல்வார்களோ அதை நான் மனதுக்குள் சொல்லிக்கொள்வேன். வெளியே சொன்னதில்லை, சம்பளம் அங்கிருந்துதான் வருகிறது.

பாடம் சொல்லிக் கொடுப்பது என் பொறுப்பு. அண்ணனுக்கு எழுத்து தெரியாது, ஆனால் விடிய விடியக் கூத்துப் பார்த்துப் பாட்டும் வசனமும் காதால் பிடித்தவர். விசுவாசப் பிரமாணம், கட்டளைகள், ஜெபம் எல்லாம் சில நாட்களில் வாயில் நின்றன. கட்டளைகளில் திருடாதே என்பதை ஒப்பிக்கும்போது மட்டும் குரல் உயரும்.

மனப்பாடம் முடிந்ததும், ஓர் அற்புதத்தைச் சொந்த வார்த்தையில் சொல்லச் சொல்வது பாதிரியாரின் வழக்கம். கிளி மாதிரி ஒப்பிக்கிறானா, நம்பிச் சொல்கிறானா என்று அதில் தெரிந்துவிடுமாம். எதைத் தேர்ந்தெடுக்கலாம் என்று அண்ணன் கேட்டார். மீன்காரருக்கு மீன் கதை, இதைவிடச் சுலபம் உண்டா என்று வலைக் கதையைச் சொல்லிக் கொடுத்தேன். ஆண்டவரின் சீஷர்கள் இரவெல்லாம் வலை போட்டும் ஒன்றும் அகப்படவில்லை. விடியும் நேரத்தில் கரையில் ஒருவர் நிற்கிறார். உயிர்த்தெழுந்து வந்த ஆண்டவர் அவர், இவர்களுக்குத் தெரியவில்லை. படகுக்கு வலப்பக்கம் வலையைப் போடுங்கள் என்கிறார். போடுகிறார்கள். இழுக்க முடியாத அளவு மீன். பாடம் அங்கே முடிகிறது.

அண்ணன் கேட்டுவிட்டு, வலப்பக்கம் என்ற இடத்தை இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். கதை அவ்வளவு பிடித்துவிட்டது என்று நினைத்து நான் சந்தோஷப்பட்டேன்.

4

மூன்று மாதத்துக்கு ஒருமுறை சபையார் அப்பமும் ரசமும் பகிரும் திருவிருந்துக்கு முந்திய வாரம் சோதனை. பாதிரியார் நடுவில், பக்கத்தில் சபைப் பெரியவர்களில் ஒருவரான மூப்பர். மூப்பர் துணி வியாபாரி, தொப்பியைக் கழற்றி மடியில் வைத்திருப்பார், எப்போது திரும்பத் தலையில் வைக்கலாம் என்பதே அவர் கவலை.

ஒப்பிப்பதில் அண்ணன் ஒரு வார்த்தை தவறவில்லை. பிறகு கதையைத் தொடங்கினார். வெறும் வலை எப்படிக் கனக்கும், இரவெல்லாம் இழுத்தவன் தோள் எப்படி இருக்கும், விடியற்காலையில் ஒருவன் இன்னொருவன் முகத்தைப் பார்க்க வெட்கப்படுவது எப்படி என்றெல்லாம் சொன்னார். பாதிரியார் முன்னால் சாய்ந்து கேட்டார். மூப்பர்கூடத் தொப்பியை மறந்தார். நான் மனதுக்குள் கல்யாணச் சாப்பாட்டுக்குப் பட்டியல் போட்டுக்கொண்டிருந்தேன். வலப்பக்கம் போடுங்கள் என்ற இடம் வந்ததும் அண்ணன் நிறுத்திவிட்டார்.

“அய்யா, இங்க எனக்கு ஒரு சந்தேகம் கீது. ராத்திரி பூரா போட்டானுங்க, சோத்தாங்கைப் பக்கம் மட்டும் போடல. ஏன் போடல? பொறந்ததுலேந்து தண்ணியில கெடக்கறவனுங்களுக்கு அது தெரியாதா? அது அடுத்தவன் பாடு, அதான் போடல. அவுரு போடுன்னு சொன்னாரு, போட்டு அள்ளிட்டானுங்க. அந்தப் பாட்டுக்காரன் காலைல வந்து பாத்தா இன்னா பண்ணுவான்?”

பறங்கிப் பேச்சில் பாட்டுக்கு வார்த்தை கிடையாது. முறை, சீட்டு, ஊர்க்கூட்டம் எல்லாவற்றையும் விளக்கி முடிப்பதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது. அண்ணன் கேட்பது இதுதான் என்று புரிந்தபோது பாதிரியார் கோபப்படவில்லை. பொறுமையாகவே பதில் சொன்னார். சொன்னவர் ஆண்டவர், எல்லாத் தண்ணீரும் அவர் படைத்தது, ஆகவே அவருக்கு அடுத்தவன் இடம் என்று ஒன்று கிடையாது என்றார். நல்ல பதில்தான். எனக்கு மூச்சு வந்தது. அண்ணன் தலையாட்டினார்.

“எல்லாம் அவுருதுதான், ஒத்துக்கறேன். அப்போ அவுருதான் இன்னும் பாத்து நடக்கணும். ஊர்ப் பெரியவரே பாட்ட மீறினா, அப்புறம் எவன் பாடு நிக்கும்?”

இதையும் மொழிபெயர்த்தேன். துபாஷியின் வேலை அது. மூப்பர் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டார். ஆண்டவரைக் கேள்வி கேட்கிறவனுக்கு ஞானஸ்நானம் கிடையாது என்றார். பாதிரியார், அடுத்த திருவிருந்துக்கு முன்னால் வரட்டும், இதே கதையைத்தான் கேட்பேன் என்றார். அதற்குப் பிறகு ஒரு சோதனை கிடையாது. அண்ணனை ஏற்றிப்போகிற கடைசிக் கப்பல் அந்த வாரம்தான் புறப்படும்.

வழி நெடுக நான் அவரைத் திட்டினேன். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணத்தை நடத்து என்று பெரியவர்கள் சொல்லியிருக்கிறார்கள், உங்களை ஒரு பொய்கூடச் சொல்லச் சொல்லவில்லை, ஒரு கேள்வியை விழுங்கச் சொன்னேன், அது தொண்டையில் இறங்காதா என்று கேட்டேன். அடுத்த தடவை அவர் என்ன சொன்னாலும் நான் நம்புகிறேன் என்று பெயர்த்துவிடுகிறேன் என்றும் சொன்னேன். அவர் நின்றுவிட்டார். “நான் சொல்லாதத நீ சொல்லாத தானியேலு. அப்படிப் போயி அவ வூட்ல எப்படி நான் சோறு துன்றது?” என்றார்.

எனக்கு வந்த எரிச்சலில் அன்று சாப்பிடவில்லை. பிறகு யோசித்தேன். நம் ஊரில் கூத்துப் பார்க்கிறவன் வாயை மூடிக்கொண்டா பார்க்கிறான்? ராஜா தப்புப் பண்ணினால் சனங்கள் நடுவிலிருந்து கேள்வி வரும். கட்டியங்காரன் அதைப் பிடித்துக்கொண்டு ராஜாவையே மடக்குவான். ராஜா பதில் சொல்லியாக வேண்டும், சொன்னால்தான் கூத்து நகரும். அதனால் யாரும் ராஜாவை நம்பவில்லை என்று ஆகாது. நம்புகிறவன்தான் கேட்பான். நம்பாதவன் எழுந்து வீட்டுக்குப் போய்விடுவான். ஏழுமலை அண்ணன் அந்தக் கதைக்குள் இறங்கிப் படகிலேயே நின்றுவிட்டார். பாதிரியாரோ கரையிலிருந்தே உபதேசத்தை எடுத்துக்கொண்டு போகச் சொல்கிறார். இரண்டு பேரும் ஒரே ஆண்டவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்பது எனக்குத் தெரியும். அதை எந்த மொழியில் எப்படிச் சொல்வது என்பதுதான் தெரியவில்லை.

5

மதலேனாள் என் வீட்டுக்கு வந்தாள். கையில் திராசிச் சட்டி. என் மனைவி ஜன்னல்களைத் திறந்து வைத்தாள். பின்னாலேயே ஏழுமலை அண்ணனும் வந்து, தப்புச் செய்த பிள்ளை மாதிரி கதவோரம் நின்றார். எதற்காகத் தள்ளிவைத்தார்கள் என்று இந்த ஆள் மலாயில் சொல்வது எனக்குப் புரியவில்லை, நீ சொல் என்றாள். சொன்னேன். கதையையும் சொன்னேன், கேள்வியையும் சொன்னேன். மீன் நிறைந்த வலையோடு முடித்தேன். அவள் இன்னும் ஏதோ வரும் என்று காத்திருந்தாள்.

அடுப்பு எங்கே என்று கேட்டாள்.

எந்த அடுப்பு என்றேன். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. ஒவ்வொரு உயிர்த்த திருநாளிலும் கோவிலில் இதை முழுக்கப் படிக்கிறார்களே, நீ தூங்கிவிடுவாயா என்றாள். இவர்கள் வலையை இழுத்துக்கொண்டு கரைக்கு வருகிறார்கள், வந்து பார்த்தால் அங்கே கரி நெருப்பு மூட்டியிருக்கிறது, அதன்மேல் மீன் வெந்துகொண்டிருக்கிறது, பக்கத்தில் ரொட்டி இருக்கிறது, வந்து சாப்பிடுங்கள் என்று அவர் கூப்பிடுகிறார். அந்தக் கதையில் எனக்குப் பிடித்ததே அந்த அடுப்புதான், இரவெல்லாம் வேலை செய்தவனுக்கு யாராவது சமைத்து வைத்திருப்பது சின்ன விஷயமா என்றாள்.

நான் தமிழில் சொன்னேன். அண்ணன் கதவோரத்திலிருந்து வந்து தரையில் உட்கார்ந்தார். நெருப்பின்மேல் மீன் இருந்ததா என்று கேட்டார். இருந்தது. இவர்கள் வலையிலிருந்து எடுத்ததா என்று கேட்டார். இல்லை, இவர்கள் கரை ஏறுவதற்கு முன்னாலேயே அங்கே வெந்துகொண்டிருந்தது என்றாள் மதலேனாள். அவளுக்கு அந்த இடத்தில் சந்தேகமே கிடையாது.

“அப்போ அவுரு ஏற்கெனவே புடிச்சிருக்காரு,” என்றார் அண்ணன். “அது அவுரு பாடு. அன்னிக்கு அவுரு முறை. தனக்கு ஒண்ணு ரெண்டு எடுத்துட்டு, இவனுங்க வெறுங்கையோட வராங்கன்னு பாத்து, மிச்சத்த வுட்டுக் குடுத்துட்டாரு. கேட்டியா தானியேலு? இத்த நீ சொல்லவே இல்ல.”

பாடம் அங்கே நின்றுவிடுகிறது அண்ணே என்றேன். என் மகள் அதுவரை மூலையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தவள், பாடு என்றால் என்ன என்று முதல்தடவையாகக் கேட்டாள். அண்ணன் அவள் எதிரில் கோலிக்குண்டுகளை வைத்து ஏரியைப் பிரித்துக் காட்டத் தொடங்கினார். அன்றைக்கு நாங்கள் நேரங்கழித்துத்தான் சாப்பிட்டோம், திராசி போட்டு.

6

அடுத்த சோதனை நாளில் துறையில் கப்பலுக்குத் தண்ணீர்ப் பீப்பாய்கள் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அண்ணன் தன் துணிமணிகளை ஒரு மூட்டையாகக் கட்டிவைத்துவிட்டுத்தான் வந்தார், தேறாவிட்டால் நேராகப் போவதற்கு. மதலேனாள் கூடவே வந்தாள். பெண்கள் வெளியே இருக்க வேண்டும் என்று மூப்பர் சொன்னார். அவள் உள்ளே வந்து பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள். நான் மனதுக்குள் கதையை முதலிலிருந்து ஒருமுறை ஓட்டிப் பார்த்தேன். ஒரு கதை சரியாகச் சொல்லப்படுவதில் இரண்டு பேருடைய வாழ்க்கை இருந்தது.

பாதிரியார் சொன்னபடி அதே கதையைக் கேட்டார். அண்ணன் இந்த முறை நிறுத்தாமல் சொன்னார். வலப்பக்கம் அவருடைய பாடு, அதை அவர் விட்டுக்கொடுத்தார் என்று சொல்லி, அடுப்பில் இருந்த மீனையும் கடைசியில் அவர்களுக்கே போட்டார், தனக்கென்று ஒன்றும் வைத்துக்கொள்ளவில்லை என்று முடித்தார். மூப்பர் உடனே, முறை என்றும் விட்டுக்கொடுத்தார் என்றும் எங்கே எழுதியிருக்கிறது, இது உபதேசம் இல்லை, வெறும் கதை என்றார்.

பாதிரியார் வேதத்தை எடுத்து அந்த இடத்தைத் தனக்குள்ளேயே வாசித்தார். நெருப்பு இருக்கிறது, மீனும் இருக்கிறது, இவர்கள் வருவதற்கு முன்னாலேயே இருக்கிறது என்றார். முறை என்று எழுதியிருக்கவில்லை, மூப்பர் சொல்வது சரி என்றும் சொன்னார். பிறகு என்னைப் பார்த்து, உங்கள் ஊரில் ஒருவன் தன் முறையை இன்னொருவனுக்குக் கொடுக்கலாமா, கேள் என்றார்.

“குடுக்கலாம்,” என்றார் அண்ணன். “ஆனா குடுத்தவன் வூட்ல அன்னிக்கு உல கொதிக்காது.”

நான் அதைச் சொன்னதும் பாதிரியார் மூப்பரிடம் ஒல்லாந்து மொழியில் ஏதோ பேசினார். எனக்கு அந்த மொழி அரைகுறை. புரிந்தவரை சொல்கிறேன். இத்தனை காலம் உபதேசத்தைத் தனியாகவும் கதையைத் தனியாகவும் எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன், இந்த மனிதர் சொல்லும்போது அது பிரிய மாட்டேன் என்கிறது என்றார். குடமும் தண்ணீரும் பற்றி அவர் அதற்குப் பிறகு பேசிக் கேட்டதில்லை. மூப்பர் அவர் சொன்னதை ஒப்புக்கொண்டாரா என்று எனக்குத் தெரியாது, ஆனால் தொப்பி மடியிலேயே இருந்தது.

அப்புறம் பாதிரியார் பாடத்தில் இல்லாத ஒரு கேள்வியைக் கேட்டார். நீ எப்போதாவது உன் முறையை யாருக்காவது விட்டுக்கொடுத்திருக்கிறாயா என்றார்.

அண்ணன் என்னைப் பார்த்தார், நான் ஏதோ பதில் சொல்லிவிடுவேன் என்பதுபோல. உலகம் பார்க்கலாம் என்று கப்பலேறினேன் என்றுதான் அவர் எனக்கு எப்போதும் சொல்லியிருக்கிறார். நானும் நம்பியிருந்தேன்.

“ஒரு தபா,” என்றார். “எங்க நைனா பாடு ஒண்ணுதான். நாங்க ரெண்டு பேரு. அண்ணனுக்குக் கொழந்தைங்க ஆயிடுச்சி, எனக்கு யாரும் இல்ல. ஒரு பாட்ட ரெண்டா வெட்டினா ரெண்டு வூட்லயும் கஞ்சிதான். நீயே வெச்சிக்கோன்னு சொல்லிட்டுக் கப்பல் ஏறிட்டேன். அவன் வேணாம்னுதான் சொன்னான்.”

எத்தனையோ பேருக்கு மொழிபெயர்த்திருக்கிறேன், தடுமாறியது அன்று ஒருநாள்தான். இரண்டு தடவை தொடங்கி, மூன்றாவது தடவை சொல்லி முடித்தேன். நான் பறங்கிப் பேச்சில் சொன்னதால் பெஞ்சில் இருந்த மதலேனாளுக்கும் எல்லாம் புரிந்துவிட்டது. அவள் எழுந்து, அய்யா, இந்தக் கேள்வியை முதல் தடவையே கேட்டிருந்தால் எங்களுக்கு மூன்று மாதம் மிச்சமாகியிருக்கும் என்றாள். பாதிரியார் வாய்விட்டுச் சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டார், வியர்வை என்று அவர் சொல்லக்கூடும். அந்த ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நானமும் அடுத்த வாரம் கல்யாணமும் நடந்தன. சீட்டுக்காரர்களிடம் பாதிரியார் சொன்னபடி பேசி அனுமதிச் சீட்டும் வாங்கிக் கொடுத்தார். கப்பல் அண்ணன் இல்லாமல் போயிற்று.

தோணிரேவில் அவருடைய அண்ணன் முனுசாமி இருக்கிறார். தம்பி ஏன் போனான் என்று அவருக்குத் தெரியும், யாரிடமும் சொல்லியிருக்கமாட்டார். அந்தப் பக்கம் போகிறவர்கள் யாராவது அவருக்கு இதைப் படித்துக் காட்டுங்கள். தம்பி வீட்டில் தினமும் இரண்டு வேளை உலை கொதிக்கிறது என்று சொல்லுங்கள்.